கிரெடிட் பார்ப்பதில்லை என்றார், 4,000 டாலர் போனது

என்னை ஏமாற்றிய வாடகை வீட்டு விளம்பரத்தின் படங்களை நேற்று மறுபடி பார்த்தேன். அதே சாம்பல் நிற சோபா, அதே பால்கனி. வாடகை மட்டும் 1,750-லிருந்து 1,700 டாலராக இறங்கியிருக்கிறது. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

போன வருடம் திருச்சியிலிருந்து மனைவி, மகளோடு டொராண்டோ வந்தேன். வேலை இருந்தது, கையில் பணமும் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து ஸ்கோர் போடும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் இரண்டிலும் என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஸ்கோர் குறைவு என்றால்கூட ஏதாவது பேசிப் பார்க்கலாம். ஸ்கோரே இல்லை என்றதும் வாடகை வீட்டு ஏஜென்ட்டுகள் போனை வைத்துவிடுகிறார்கள். ஆறு இடத்தில் இதே கதை. ஸ்கார்பரோவில் பெரியப்பா மகன் வீட்டு பேஸ்மென்டில் மூன்று வாரம் ஓடிவிட்டது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் நமக்குத் தெரியாதா?

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. புதிதாக வந்தவர்கள் வரலாம், கிரெடிட் பார்ப்பதில்லை. கென்னடி ரோடு பக்கம் ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. அந்த ஆள் நேரில் வந்து கதவைத் திறந்தே காட்டினார். சம்பளச் சீட்டு கேட்கவில்லை, வேலைக் கடிதம் கேட்கவில்லை, ஜாமீனுக்கு ஆள் கேட்கவில்லை. ஆறு பேர் கேள்வி கேட்டே துரத்திய பிறகு, ஒன்றும் கேட்காத மனிதர் தெய்வமாகத் தெரிந்தார்.

என் மனைவிதான் பிரிட்ஜ் கதவைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, வீட்டைக் காலி பண்றவங்க வைஃபை பாஸ்வேர்டை லேமினேட் பண்ணியா ஒட்டிட்டுப் போவாங்க?” “சும்மா இரு” என்றேன். இன்றுவரை அதற்குத் திட்டு வாங்குகிறேன்.

முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, அதற்குமேல் சேதத்துக்கு 500. மொத்தம் 4,000 டாலரை இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்பினேன். அவர் கணக்கில் ஆட்டோ டெபாசிட் இருந்ததால் ரகசியக் கேள்விகூட வரவில்லை, பணம் நேராகப் போய் விழுந்தது. வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட், சின் நம்பர் (கனடா அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண்) படமும் கொடுத்தேன்.

ஒன்றாம் தேதி பெட்டிகளோடு போனால் வாசலில் இன்னொரு குடும்பம், பஞ்சாபிகள், அவர்களும் பெட்டிகளோடு. இருவர் கையிலும் ஒரே மாதிரி சாவி, இரண்டும் பூட்டில் நுழையவில்லை. கதவை உள்ளிருந்து திறந்தவர் துப்புரவுப் பணியாளர். அது நாள் வாடகைக்கு விடும் வீடு. அந்த ஆள் இரண்டு நாள் எடுத்து எங்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்.

போலீஸ் ஒரு புகார் எண் கொடுத்தது. நீங்களே அனுப்பிய பணம் என்று வங்கி கையை விரித்தது. சின் நம்பர் போன பயத்தில் இரண்டு கிரெடிட் நிறுவனங்களிலும் மோசடி எச்சரிக்கை போட்டு வைத்தேன். என்னைப் பற்றி அங்கே பதிவான முதல் விஷயமே அதுதான்!

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கடைசி மாத வாடகையும், திருப்பித் தரவேண்டிய சாவி டெபாசிட்டும்தான் கேட்கலாம். சேதத்துக்கு என்று வாங்குவது சட்டவிரோதம். இது தெரிந்திருந்தால் அந்த 500-லேயே விழித்திருப்பேன். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு அரசின் ஒப்பந்தப் படிவம் கட்டாயம். எனக்கு அவர் நீட்டியதோ அவரே டைப் செய்த இரண்டு பக்கத் தாள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்று ஆன்லேண்ட் என்ற மாகாண நிலப்பதிவுத் தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சின் நம்பரை வீட்டுக்காரருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இன்னொன்று: கிரெடிட் வரலாறே இல்லாததை வீட்டுக்காரர் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது மாகாண மனித உரிமை ஆணையம். ஏஜென்ட்டிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், சரி, இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

இப்போது இருக்கும் வீட்டுக்காரம்மா வேலைக் கடிதம், மூன்று மாத வங்கிக் கணக்கு, அண்ணனின் ஜாமீன் கையெழுத்து எல்லாம் கேட்டார். என் மேலாளருக்கே போன் செய்து விசாரித்தார். சாவி தர ஒன்பது நாள் ஆனது.