எம்ப்ரியோ சேமிப்புச் சேவை: லேப் நன்று, ஃபாரம் மோசம்

மதுரையில் நாங்கள் போன கருத்தரிப்பு மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குழந்தை கொடுத்த இடம். பெயர் போட்டுத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் நான்கு வருஷமாக அங்கே சேமிப்புக் கட்டணம் கட்டிவருகிறேன். ஐவிஎஃப் என்கிற டெஸ்ட் ட்யூப் முறையின் சக்சஸ் ரேட் பற்றி எவ்வளவோ பேர் எழுதுகிறார்கள். ஃப்ரீஸ் செய்து மிச்சம் இருக்கும் எம்ப்ரியோவை, அதாவது கருவை, அப்புறம் என்ன செய்வது என்று எழுதிய ஆளை நான் பார்க்கவில்லை. அதனால்தான் இது.

சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். டெய்லி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பில் புக் என்று ஓடுகிறது. எழுத்தையும் பேப்பரையும் பார்த்தே பிழைப்பவன், ஃபாரம் விஷயத்தில் கொஞ்சம் நோண்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் என் மனைவிக்குக் கருமுட்டை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் நான்கு கருக்கள் தேறின. நான்கையும் உறைய வைத்தார்கள். லேபில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார்கள். பால் கேன் போல டேங்குகள், உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். நைட்ரஜன் மட்டத்தை அளந்து எழுதும் நோட்டு கதவருகே தொங்கியது. புரட்டிப் பார்த்தேன், தீபாவளியன்றுகூட விடுபடவில்லை. லேபிளில் உள்ள பெயரையும் நம்பரையும் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்கிறார்கள். என் அச்சகத்தில் ப்ரூஃபை இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம் அது.

கருவின் படம் ஒன்றும் தருகிறார்கள். தெர்மல் பேப்பரில் அடித்தது, இரண்டு வருஷத்தில் மங்கிவிடும். வாங்கியதும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபாரம். கருத்தரிப்பு சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிப் புது ஃபாரம் ஒன்றில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எப்போது கேட்டார்கள் தெரியுமா? பிப்ரவரியில், முதல் கருவை வைக்கிற அன்று. அன்றைக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரிய. என் மனைவி ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது நீட்டினார்கள், ஏழு பக்கம், முழுக்க இங்கிலீஷ், 7 பாயின்ட் எழுத்து. காலாவதி தேதியைக்கூட நாங்கள் அதைவிடப் பெரிதாக அடிப்போம்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் மூன்று கட்டங்கள். மிஞ்சும் கருக்களை அழிய விடலாம், ஆராய்ச்சிக்குத் தரலாம், சேமிப்பைத் தொடரலாம். ஒன்றில் டிக் போட வேண்டும்.

"இதுல எதைப் போடணும் சிஸ்டர்?" என்றேன்.

"இப்போதைக்கு மூணாவது போட்டுடுங்க சார். எல்லாரும் அதான் போடுவாங்க."

"ஏங்க, எதையாவது போட்டுக் குடுங்க, என்னால முடியல" என்றாள் மனைவி. போட்டேன்.

அந்த முதல் கரு தங்கவில்லை. ஆகஸ்டில் இரண்டாவது வைத்தார்கள். ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் (அடுத்த வருஷத்து மாதிரிப் படங்களின் தொகுப்பு) வெளியாகி ஆர்டர் குவிகிற நேரம், நான் மெஷின் பக்கம் போகாமல் அவள் பக்கத்திலேயே கிடந்தேன். 2023 ஏப்ரலில் மகள் பிறந்தாள். மிச்சம் இரண்டு.

ஒவ்வொரு நவம்பரிலும் கட்டணம் கட்டச் சொல்லி எஸ்எம்எஸ் வரும். முதலில் 15,000, அப்புறம் 18,000, இப்போது 21,000 ரூபாய். ஏற்றுவதை முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைவிட என்னை உறுத்தியது ரசீது. 'எம்ப்ரியோ சேமிப்பு, 2 யூனிட்.' ஈபி பில் மாதிரி.

2024 பிப்ரவரியில் செய்தி ஒன்று படித்தேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. யாரோ ஒரு நோயாளி கரு சேமிக்கும் அறைக்குள் நுழைந்து, கையில் எடுத்து, குளிர் சுட்டதில் கீழே போட்டுவிட்டார். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். உறைய வைத்த கருவும் குழந்தைதான், குழந்தை இறந்தால் கேட்கிற நஷ்டஈட்டை இதற்கும் கேட்கலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயந்துபோய்ச் சில மையங்கள் ஐவிஎஃப்பை நிறுத்தின. மூன்றே வாரத்தில் மையங்களைக் காக்க அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே குழந்தை, என் ரசீதில் யூனிட். இரண்டு வார்த்தையும் எனக்கு ஒட்டவில்லை.

அமெரிக்காவில் கருக்கலைப்புச் சண்டையும் ஸ்டெம்செல் (உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்) சண்டையும் பெரும்பாலும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து முதன்முதலாக ஸ்டெம்செல்லைப் பிரித்து வளர்த்தார். ஐவிஎஃப்பில் மிஞ்சி, தம்பதிகள் சம்மதித்துக் கொடுத்த கருக்கள் அவை, எங்களுடையதைப் போல. ஐந்து நாள் கரு என்பது நூற்றுச் சொச்சம் செல்கள், அந்த ஃபாரத்தின் 7 பாயின்ட் எழுத்தில் வரும் முற்றுப்புள்ளியைவிடச் சின்னது. உள்ளே இருக்கும் செல் கொத்தை எடுத்தால் கரு அதோடு முடிந்துபோகும். ஆனால் எடுத்த செல்கள் தட்டில் வருஷக்கணக்காகப் பெருகும். அதை உயிரை எடுப்பது என்றார்கள் கருக்கலைப்பை எதிர்த்தவர்கள் பலர். 2001 ஆகஸ்டில் அதிபர் ஜார்ஜ் புஷ், அதுவரை கருவிலிருந்து எடுத்துப் பெருக்கிவந்த செல் வரிசைகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு மட்டுமே அரசுப் பணம் என்று சொல்லிவிட்டார். அப்படி அனுமதித்த பட்டியலில் மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸும் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இருந்தன என்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2009-இல் ஒபாமா அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

என் வீட்டில் அந்தக் கயிறு வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று ஒரு ராத்திரி பேச்செடுத்தோம். என் மனைவிக்குச் சம்மதம்தான். "கீழே ஊத்துறதுக்கு யாருக்காவது உதவட்டுமே அத்தை" என்றாள். அம்மா ஒரேயடியாக முடியாது என்றாள்.

இதே அம்மா 1986-இல், எனக்கும் தங்கச்சிக்கும் பிறகு மூன்றாவதாக உண்டானதை அரசு ஆஸ்பத்திரியில் கலைத்துவிட்டு, கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டவள். இந்தியாவில் 1971-லேயே அதற்குச் சட்டம் உண்டு. அன்றைக்குச் சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் வேறு. அதைப் பற்றி அவள் ஒளித்ததும் இல்லை, அழுததும் இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு போட்ட கணக்காகத்தான் சொல்வாள்.

"அதை மட்டும் கலைச்சீங்களே?" என்று கேட்டேவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அம்மா கோபப்படவில்லை. "அது தானா வந்ததுய்யா. தாங்காதுன்னு சொல்லிட்டேன். இது நீங்க கேட்டு வாங்கினது. ஊசி போட்டு, கடன் வாங்கி, கோயில் கோயிலாப் போயி வாங்கினது. கேட்டு வாங்கிட்டு வேண்டாம்பீகளா?"

கருக்கலைப்பை எதிர்க்கிற அமெரிக்கர்களும் சரி, ஆதரிக்கிறவர்களும் சரி, இந்தப் பேச்சை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று திணறிப்போவார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அவளுக்கு உயிர் எப்போது தொடங்குகிறது என்பது பிரச்சினையே இல்லை. கேட்டோமா இல்லையா என்பதுதான்.

2024 நவம்பரில் கட்டணம் கட்டப் போனபோது கவுன்சலரைப் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆலோசனை தர வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை, தனிக் காசு கொடுக்காதீர்கள். நல்ல பெண், பொறுமையாகப் பேசினார். குழந்தை இல்லாத வேறு தம்பதிக்குத் தரலாமா என்றாள் மனைவி. இந்தச் சட்டப்படி கூடாது, உங்களுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்றார். அதிகபட்சம் பத்து வருஷம் வைக்கலாம், அப்புறம் அழிய விடுவது அல்லது ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றாலும் சட்டப்படி பதிவு செய்த இடமாக இருக்க வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 14 நாளுக்கு மேல் கருவை வளர்க்கவும் கூடாது என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டி சொல்கிறது. இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"ஜப்பான்ல யாமனாகான்னு ஒருத்தர் தோல் செல்லையே ஸ்டெம்செல் மாதிரி மாத்திட்டாரு சார், நோபல் பரிசெல்லாம் வாங்கினாரு" என்றும் சொன்னார். உண்மைதான், எலியில் 2006-இல், மனிதச் செல்லில் அடுத்த வருஷம். அதனால் கருவே வேண்டாம் என்றாகிவிடவில்லை, கரு எப்படி வளர்கிறது என்று பார்க்கக் கரு வேண்டுமே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"நாங்க ஆராய்ச்சிக் கட்டத்துல டிக் போட்டா, எங்க போகும்?"

"இதுவரைக்கும் எங்ககிட்ட யாரும் வந்து கேட்டதில்லை சார்."

"அப்போ டிக் போட்டவங்களோடது?"

"டேங்க்லதான் இருக்கும். டைம் முடிஞ்சா அழிய விட்ருவோம்."

"பின்னே அந்தக் கட்டம் எதுக்கு?"

"சட்டத்துல இருக்கு சார்."

இதுதான் என் குறை. என் வீட்டில் ஒரு ராத்திரி தூக்கம் போன கேள்வி, அவர்கள் ஃபாரத்தில் இடம் நிரப்ப இருக்கிறது. வாங்க ஆளில்லை என்றால் ஆளில்லை என்று எழுதிவிடுங்கள். அதைச் சொல்லாமல் கட்டம் போடுவது, ஸ்டாக் இல்லாத படத்தைக் காலண்டர் ஆல்பத்தில் வைத்து ஆர்டர் பிடிப்பது மாதிரி.

சும்மா திட்டிவிட்டு வரவில்லை. தமிழில் நானே ஒரு ஃபாரம் டிடிபி செய்தேன். 12 பாயின்ட், நல்ல மேப்லித்தோ பேப்பர், ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால் போதும் என்று மேலே கொட்டை எழுத்தில். காசு வாங்காமல் ஐம்பது பிரதி அடித்துக் கொடுத்தேன். லீகலில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வருஷம் ஒன்றாகிவிட்டது.

கருவைப் பத்திரமாக வைக்க இடம் தேடுகிறீர்கள் என்றால் லேபுக்கு ஐந்துக்கு ஐந்து. ஃபாரத்துக்கு ஒன்று, அதுவும் கவுன்சலருக்காக. போகும்போது ஃபாரத்தை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

இந்த நவம்பரிலும் 21,000 கட்டிவிட்டோம். மூன்றாவது கட்டம்தான். எங்களுக்கு 2031 வரை நேரம் இருக்கிறது. அம்மா மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள், "ஏய்யா, மதுரையில கரண்ட் போனா அதுக ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?" கரண்டே வேண்டாம்மா, நைட்ரஜன் ஊற்றினால் போதும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அடுத்த மாசமும் கேட்பாள்.