கறுப்புப் பூச்சுக்குள் அலுமினியம்: நீர்க்குளிர்விப்புக் கணினி கட்டவிருப்போர் கவனத்திற்கு

முதல்முறையாக நீர்க்குளிர்விப்புக் கணினி ஒன்றைச் சொந்தமாகக் கட்ட எண்ணியிருப்பவர்கள், உதிரிப்பாகங்களுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். "முழுத் தாமிரம்" என்று எழுதி எனக்கு விற்கப்பட்ட ரேடியேட்டர் (சூடான நீரைக் காற்றில் ஆறவைக்கும் பகுதி), உண்மையில் அலுமினியத்தால் ஆனது. இதை நான் கண்டுபிடிப்பதற்குள் ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. சிபியுவின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் ஒரு நல்ல வாட்டர் பிளாக்கும் பாழாகிவிட்டது.

பம்ப், ரிசர்வாயர் (நீர்த் தேக்கி), அந்த சிபியு பிளாக், 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், ஃபிட்டிங்குகள் (டியூப் இணைப்பிகள்), டியூப், கலந்து அடைத்த கூலன்ட் (உள்ளே ஓடும் குளிர்விப்பு நீர்மம்) ஆகிய எல்லாவற்றையும் ஒரே விற்பனையாளரிடம் ஒரு தொகுப்பாகவே வாங்கினேன். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரையும் போல, என் பயம் முழுவதும் கசிவைப் பற்றியதாகவே இருந்தது. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து, மதர்போர்டுக்கு மின்சாரம் செல்லாதபடி, பவர் சப்ளையைத் தனியாக இயக்க உதவும் ஜம்பரை அதில் செருகி, பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு காகிதம்கூட நனையவில்லை. ரேடியேட்டரைக் கேஸில் பொருத்தும்போது, அதன் அளவுக்கு ஏற்ற கனம் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் கசிவைப் பற்றிய கவலையில் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் மூன்று மாதங்கள் குறை ஒன்றும் இல்லை. முழுப் பளுவில் 68 டிகிரியில் நின்ற சிபியு வெப்பம், நான்காவது மாதத்தில் 80-ஐத் தாண்டியது. நிறமற்ற கூலன்ட் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கத் தொடங்கியது. காற்று புகுந்திருக்கும் என்று நினைத்து ரிசர்வாயரை நிரப்பினேன். சிபியுவுக்கும் பிளாக்குக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். பழியைப் பம்பின் மீதும் போட்டேன். வெப்பம் 90-ஐ எட்டிய பிறகுதான் தண்ணீரை இறக்கிவிட்டு பிளாக்கைத் திறந்தேன்.

உள்ளே, தாமிரத் தகட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வெட்டப்பட்ட நுண்வரிகளின் மேல், தயிர் ஏடு போன்ற வெண்மையான பிசின் படிந்திருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்தபோது மேலே இருந்தது மட்டும் வழிந்து வந்தது. வரிகளுக்குள் இறுகியிருந்தது அசையவே இல்லை. பிளாக்கில் அரிப்பு ஏதும் தென்படாததால், அந்தக் கசடு வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ரேடியேட்டரின் ஓரத்தில் கறுப்புப் பூச்சைக் கத்தி முனையால் சுரண்டினேன். அடியில் தெரிந்தது வெள்ளி நிறம்.

அலுமினியமும் தாமிரமும் ஒரே நீரில் நனைந்தபடி, உலோகத் தொடர்போ கரைந்த தாமிர அயனிகளோ வழியாக ஒன்றையொன்று எட்டும்போது, அலுமினியம் அரிக்கப்படுகிறது. இரண்டின் திட்ட மின்முனை அழுத்தங்களும் (இது குறைவாக உள்ள உலோகமே எளிதில் அரியும்) முறையே -1.66 வோல்ட், +0.34 வோல்ட் என்பதால், தேய்வது எப்போதும் அலுமினியம்தான். அதிலிருந்து உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடுதான் நான் கண்ட அந்த வெள்ளைப் பிசின். காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தினாலும் இதைத் தவிர்க்க முடியாது. அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் இதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

விற்பனையாளருக்கு எழுதியபோது, நான் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருப்பேன் என்பது முதல் பதிலாக வந்தது. ஊற்றியது அவரே விற்ற கூலன்ட் என்று புட்டியின் படத்தை அனுப்பியதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும் என்றார். அந்தப் புட்டியின் மேலேயே 12 மாதம் என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்றாவதாகச் சொன்ன பதில்தான் சாமர்த்தியமானது: ஆயத்தமாக விற்கப்படும் மூடிய குளிர்விப்பான்களிலும் தாமிரத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்தே இருக்கின்றனவே என்று கேட்டார். பெரும்பாலானவற்றில் அப்படித்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை தொழிற்சாலையில் தடுப்பான் சேர்த்து நிரப்பி அடைக்கப்பட்டவை. நாம் கட்டுவதைப் போல அவற்றை அடிக்கடி திறந்து நிரப்புவதில்லை. தவிரவும், அவற்றை யாரும் "முழுத் தாமிரம்" என்று சொல்லி விற்கவில்லை. இதற்குப் பிறகு அவரிடமிருந்து பதில் வரவில்லை. பொருளின் விற்பனை விவரத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வைக்காதது என் தவறு; நான் மீண்டும் பார்த்தபோது "தாமிரத் தரம்" என்று வாசகம் மாறியிருந்தது. அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே வாங்கும் முன், ரேடியேட்டரின் துடுப்புகள் (குழாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய தகடுகள்), நீர் ஓடும் தட்டைக் குழாய்கள், இரு முனைத் தொட்டிகள் ஆகிய மூன்றும் எந்தெந்த உலோகம் என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். தொட்டியோ குழாய்களோ பித்தளை என்று சொன்னால் தயங்க வேண்டாம். தாமிரத்தோடு பித்தளை ஒத்துப்போகும். பொருள் வந்ததும் எடை பாருங்கள்: ஒரு கன சென்டிமீட்டர் தாமிரம் ஏறத்தாழ 9 கிராம், அலுமினியமோ 2.7 கிராம்தான் என்பதால், ஒரே அளவுள்ள இரண்டு ரேடியேட்டர்களின் வித்தியாசம் கைக்கே தெரியும். காந்தம் இங்கே பயன்படாது, இரண்டு உலோகங்களிலும் ஒட்டாது. கண்ணில் படாத ஓரிடத்தில் துடுப்பையும் தொட்டியையும் ஊசியால் சுரண்டிப் பார்ப்பதுதான் நேரான வழி; சிவப்போ மஞ்சளோ தெரிய வேண்டும். சுரண்டினால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும் என்பதால், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள், கூலன்ட் கலங்கியிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். இரண்டு வாரம் வெப்பம் குறைந்திருந்து, பிறகு பழைய நிலைக்கே திரும்பியது. பூச்சைச் சுரண்டி அலுமினியம் என்று தெரிந்தால், அன்றே தண்ணீரை இறக்கி ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, பிளாக்கையும் பம்பையும் பிரித்துக் கழுவுங்கள். வரிகளுக்குள் கசடு இறுகும் முன் கழுவினால் பிளாக்கையாவது காப்பாற்றிவிடலாம்.