டெலஸ்கோப் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? என் 18,500 ரூபாய் போன விதம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் மரியாதையாக எழுதத் தோன்றும், அந்த ஆளுக்கு அது தேவையில்லை.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் பார்த்த விளம்பரம். புதுச்சேரியில் டெலஸ்கோப் பாகங்கள் விற்கிறவர். 200 மி.மீ. கண்ணாடி, குவியத் தூரம் 1200 மி.மீ., பாரபோலிக் (வானத்து ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் பரவளைய வடிவம்), எட்டில் ஒரு அலை துல்லியம், அதாவது பிழை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள். விலை 18,500 ரூபாய். கடலூர் முதுநகரிலிருந்து நேரிலேயே போனேன்.

விழுந்தது பேச்சில்தான். "ஹப்பிள் கதை தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தார். 1990-ல் விண்வெளிக்குப் போன அந்த டெலஸ்கோப்பின் கண்ணாடியைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி இருந்தது, அதை நம்பித் தப்பான வடிவத்துக்கே அத்தனை துல்லியமாக மெருகேற்றிவிட்டார்கள், விளிம்பு 2.2 மைக்ரான் தட்டை. எல்லாம் சரியான தகவல். "அதனாலதான் சார் நான் ரெண்டு விதமா டெஸ்ட் பண்ணித் தர்றேன்." லேமினேட் செய்த கலர் ரிப்போர்ட் ஒன்றையும் கையில் வைத்தார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அங்கேயே ஜிபே செய்தேன். 18,500.

குறைந்த பவரில் குறை தெரியவில்லை. 200 மடங்குக்குப் போனால் வியாழனின் பட்டைகள் கரைந்துபோகின்றன. போன் செய்தேன். "கொலிமேஷன் பாருங்க சார்." கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் அது, பார்த்தாயிற்று. "கண்ணாடி ஆறணும் சார்." மாடியில் வைத்து ஆறவிட்டாயிற்று. "கடலோரக் காத்து சார், வானம் கொதிக்குது." இதில் எரிச்சல் என்னவென்றால், மூன்றுமே உண்மையில் படத்தைக் கெடுக்கக்கூடியவை. ஆனால் காற்றின் கொதிப்பு இரவுக்கு இரவு மாறும். இது மாறவே இல்லை.

லாஸ்பேட்டையில் கண்ணாடி தேய்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு ஹாலில் 2400 மி.மீ. தள்ளி ஒரு எல்இடி, ஒரு பிளேடு. இவ்வளவு பக்கத்திலிருந்து வரும் ஒளிக்கு, இந்த அளவு பாரபோலிக் கண்ணாடியில் நடுவுக்கும் விளிம்புக்கும் ஒளி சேருமிடம் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் விலகும், அதனால் நிழல் மெதுவடை மாதிரி விழ வேண்டும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் குறுக்கே பிளேடை மெல்ல நகர்த்தினார். மொத்தக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் சீராகச் சாம்பலானது. வெறும் கோளக் கண்ணாடி! கால் அலைப் பிழைக்கு மேல் போனாலே படம் கெடும், இது முக்கால் அலையையும் தாண்டும்.

ரிப்போர்ட்டில் உள்ள எண் கண்ணாடியின் முதுகில் எங்கேயும் இல்லை. கேட்டால், "ஸ்டிக்கர் உதிர்ந்திருக்கும்." அப்புறம், "பிளேடு வெச்சுப் பாக்கறதெல்லாம் ஒரு டெஸ்டா சார்?" 1858-லிருந்து உலகமே அப்படித்தான் பார்க்கிறது ஐயா! அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. செயலிக்காரர்களோ, நேரில் கொடுத்த பணத்துக்குத் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். 18,500 ரூபாய்.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ரிப்போர்ட் எண் கண்ணாடியிலேயே பொறித்திருக்கிறதா பாருங்கள். பிளேடு சோதனையைக் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். 'பாரபோலிக்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அதே ஆளிடம் வாங்கியவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.