மலைக்காட்டுப் புகைக்கு ஒரு கையடக்க மீட்டர்: வாங்கலாமா?

தாண்டிக்குடிப் பக்கம் பிப்ரவரி முடிந்தாலே தீக்காலம்தான். புல் காய்ந்து கிடக்கும். எங்கோ ஒரு பட்டா நிலத்தில் வைத்த தீ காட்டுக்குள் ஏறிவிடும். தீ ஊரை எட்டாவிட்டாலும் புகை எட்டிவிடும். எங்கள் அத்தைக்கு ஆஸ்துமா. அவருக்காகத்தான் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதந்து நுரையீரல்வரை போகும் நுண்துகளின் அளவைக் காட்டும் இந்த மீட்டரை 3,500 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். காற்றின் தரம் காட்டும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி இலவசம்தான். ஆனால் எங்களுக்கு அது காட்டுவது கீழே திண்டுக்கல் நகரத்து எண். அதை வைத்து மலையில் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று எப்படி முடிவு செய்வது?

உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது. துகள்களில் பட்டு லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. புகை நாட்களில் விடியற்காலையில் எண் கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராம் வரை நிற்கும். வெயில் ஏறியதும் 50-க்குக் கீழே இறங்கும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால் புகையும் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் காலையில் சன்னலைத் திறப்பதில்லை, மதியம்தான். "இன்னைக்கு எத்தனைம்மா காட்டுது?" என்று கேட்ட பிறகுதான் அத்தை வாசலுக்கே வருகிறார். இதற்கே கொடுத்த காசு தகும்.

நான் எதிர்பார்க்காதது வெந்நீர் அடுப்பு. பின்கட்டில் விறகு பற்றவைத்தால் கூடத்தில் 300-ஐத் தாண்டுகிறது, காட்டில் தீயே இல்லாத நாளிலும். அடுப்பை வெளிக்கொட்டகைக்கு மாற்றிவிட்டோம்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, பனிமூட்டத்தின் நீர்த்துளியையும் இது தூசி என்றே எண்ணிவிடும். மூட்டம் இறங்கிய காலையில் எண் ஏறினால் புகை வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் எந்த நாட்டுக் கணக்குப்படி என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. இரண்டுமே 24 மணி நேரச் சராசரி என்பதால், ஒரு நிமிடம் எண் எகிறியதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவுக்கென்று ஓர் எண்ணும் வருகிறது. சானிடைசர் தெளித்தாலே தாறுமாறாக ஓடுகிறது, நான் அதைப் பார்ப்பதே இல்லை. பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் இது பெரிய தொல்லை.

வீட்டில் கைக்குழந்தையோ மூச்சுத் தொல்லை உள்ளவரோ இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அப்புறம், என்95 முகக்கவசத்துக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு தீயணைக்கப் போகிறவர்களை இங்கே இன்னும் பார்க்கிறேன். அந்தத் துண்டு இந்த நுண்துகளைத் தடுக்காது.

ஐந்துக்கு மூன்றரை. பேட்டரி மட்டும் நன்றாக இருந்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.