புல்தரையில் எறும்பு, வீட்டில் நாயும் பூனையும்: மூன்று வருஷ அனுபவம்

எங்கள் நாய்க்குப் புல்தரையில் மல்லாந்து புரளாவிட்டால் பொழுது விடியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, புரண்டுகொண்டிருந்தவன் வீலென்று கத்தியபடி வாசலுக்கு ஓடிவந்தான். வயிற்றில் முடியில்லாத இடமெல்லாம் தடிப்பு. ஒரு செவ்வெறும்பு இன்னும் தோலைக் கவ்விக்கொண்டு கிடந்தது.

உடனே ஒரு பொடி வாங்கிவந்தேன். நல்லவேளை, தூவுவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய் ஓரளவு தாங்கும், பூனைக்கு உயிரே போய்விடலாம். புல்லில் நடந்துவந்து பாதத்தை நக்குவதுதானே பூனையின் முழுநேர வேலை! அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அடுத்து "இயற்கையானது" என்று டீ ட்ரீ எண்ணெயைச் சிபாரிசு செய்தார்கள். அதையும் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. வினிகர் எறும்புச் சாரியை ஒருநாள் கலைத்தது, புல்லை ஒரேயடியாகக் கருக்கியது.

கொதிநீர் பரவாயில்லை. நாயையும் பூனையையும் உள்ளே அடைத்துவிட்டு, புற்றுக்குப் பத்து லிட்டர் வீதம் ஊற்றினேன். ஐந்தில் மூன்று ஒழிந்தன. மற்ற இரண்டும் முழம் தள்ளி மறுபடி முளைத்தன. ஊற்றிய இடமெல்லாம் தட்டு தட்டாகப் புல் செத்து, தேற இரண்டு மாதம் ஆயிற்று. டயட்டோமேசியஸ் மண் (பூச்சியின் உடலை உலர்த்திக் கொல்லும் நுண்ணிய பொடி) ஈரம் பட்டால் வேலை செய்யாது, ராணி வரைக்கும் போகவும் போகாது. காற்றில் பறந்தால் நமக்கும் நாய்க்கும் நெஞ்சில் ஏறும். நாய்க்கூண்டின் அடியில், மழை படாத விளிம்பில் மட்டும் இப்போது போடுகிறேன்.

கடைசியில் கைகொடுத்தது வெங்காரம் (போராக்ஸ்). 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் வெங்காரம், அவ்வளவுதான். 'கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமே' என்று முதல் தடவை அள்ளிப் போட்டேன். வேலைக்கார எறும்புகள் பாட்டில் பக்கத்திலேயே செத்துக் கிடந்தன, புற்றுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. மெதுவாகக் கொல்வதுதான் இதன் சூட்சுமம். குடித்துவிட்டுப் போகிற எறும்பு ராணிக்கும் புற்றிலுள்ள குஞ்சுப் புழுவுக்கும் ஊட்டியாக வேண்டும். வைத்த இரண்டு நாள் கூட்டம் பெருகும், பயப்பட வேண்டாம். அடங்க மூன்று வாரம்கூட ஆகும்.

ஆனால் வெங்காரமும் விஷம்தான். மூடியுள்ள சின்ன பாட்டில், உள்ளே நனைத்த பஞ்சு, பக்கவாட்டில் எறும்பு நுழைகிற அளவுக்குத் துளை. அதன் மேல் மண்தொட்டியைக் கவிழ்த்து, தொட்டி மேல் செங்கல். செங்கல் ஏன் என்றால், செவ்வெறும்பு சில சமயம் இனிப்பைச் சீண்டாமல் எண்ணெய்ப் பசையைத் தேடும் என்று ஒருமுறை வேர்க்கடலை வெண்ணெயில் கலந்து வைத்தேன். எறும்புக்கு முன்னால் எங்கள் ஆள் மோப்பம் பிடித்து, தொட்டியைத் தள்ளிவிட்டு, பாட்டிலை வாயில் கவ்விக்கொண்டு நின்றான். மூடி திறக்கவில்லை, தப்பித்தோம். கலவையை மண்ணில் கொட்டிவிடவும் கூடாது, புல் கருகிப்போகும்.

கறுப்புப் பிள்ளையார் எறும்பை நான் தொடுவதே இல்லை. அது கடிக்கவும் கடிக்காது, மண்ணையும் பொலபொலப்பாக்கும். பூச்செடியில் அது கூட்டமாக ஏறினால் பெரும்பாலும் அசுவினி என்கிற, செடிச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியின் தேன்கசிவுக்காகத்தான். தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிட்டால் தானாக இறங்கிவிடும். புல்லை ஒட்ட வெட்டாமல் ஏழு சென்டிமீட்டர் விட்டு, தண்ணீரை ஆழமாகப் பாய்ச்ச ஆரம்பித்தபிறகு காய்ந்த திட்டுகளில் கிளம்பும் புது வளைகளும் குறைந்தன.

முழுசாக ஒழிந்ததா? இல்லை. மழை முடிந்ததும் இறக்கை முளைத்த ராணிகள் எங்கிருந்தோ வந்து இறங்கும், வருஷத்துக்கு இரண்டு மூன்று புற்று கிளம்பும். கடித்து நாயின் முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

போன வாரம் வேலியோரம் ஒரு புற்று தென்பட்டது. தொட்டியும் செங்கலும் இப்போது அங்கே இருக்கின்றன. அவன் தினமும் போய்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, இந்தக் கோடிக்கு வந்து புரள்கிறான்.