வவுனியாவிலிருந்து மாந்தை வரை: ஒருநாள் தொல்லியல் சுற்றுலா

வவுனியாவில் தனியார் வாகனச் சேவை ஒன்று நடத்தும் இச்சுற்றுலாவில் அண்மையில் குடும்பத்துடன் சென்றுவந்தோம். முதலில் பெரியபுளியங்குளம். அங்குள்ள குகையில் கிறித்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துகள் இருக்கின்றன. ‘தமெட’ (தமிழ்) வணிகனாகிய விசாகனின் குகை இது என்று பொறிக்கப்பட்டிருப்பதை வழிகாட்டி பாறையைத் தொடாமல் எழுத்தெழுத்தாகச் சுட்டி வாசித்துக் காட்டியபோது, வன்னிக் காட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகன் ஒருவன் விட்டுச்சென்ற பெயரின் முன் நிற்கிறோம் என்ற எண்ணத்தில் என் மகள் பேச்சின்றி நின்றாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

கட்டுக்கரைக் குளத்தை வாகனத்திலிருந்தபடியே பார்த்துக் கடந்தோம்.

மாந்தையில்தான் எனக்கு மனக்குறை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் அந்த மேட்டுக்குள் மாதோட்டத் துறைமுக நகரம் புதைந்திருக்கிறது. 2009–10இல் நடந்த அகழாய்வில் கிடைத்தவற்றுள் மிளகும் கிராம்பும் அடங்கும். கிராம்பு இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கடல்வழியே வந்த பண்டம் என்பதை வழிகாட்டி சொல்லவேயில்லை. கோயில் தீர்த்தமான பாலாவியில் கால் நனைத்துக் கோயிலை வணங்கியதும் நாற்பது நிமிடத்தில் புறப்படச் சொன்னார்கள். இத்தகைய இடத்துக்கு அரைநாளாவது ஒதுக்க வேண்டும். முன்பதிவின்போதே மாந்தைக்குக் கூடுதல் நேரம் கேட்டுவாங்குங்கள். வெயிலுக்குக் குடையும் போதிய குடிநீரும் கொண்டுசெல்லுங்கள்.