சென்னை கொடுங்கையூர் பக்கம் ஆதரவில்லாத பசங்களுக்கு ஹோம் நடத்துறோம்னு காசு கேட்டா கொஞ்சம் உஷாரா இருங்க

நான் தண்டையார்பேட்டை. அம்மா தவறி ஒரு வருஷம் ஆச்சு, திவசத்துக்கு ஆதரவில்லாத பசங்களுக்கு சாப்பாடு போடலாம்னு தேடினப்போ தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு நம்பர் குடுத்தாரு. கொடுங்கையூர்ல ஒரு வாடகை வீட்டு மாடி, முப்பது பசங்க பாய்ல வரிசையா உக்காந்து இலைய பாத்துட்டு இருக்காங்க, அத பாத்தா யாருக்குத்தான் மனசு எளகாது. நடத்துறவர் ரொம்ப தன்மையான ஆள். பெரிய பொண்ணுங்களுக்கு டெய்லரிங் கத்துக்குடுக்கறோம் சார், மிஷின்தான் பத்தலன்னாரு. அம்மாவோட உஷா கால் மிஷின் வீட்ல சும்மாதான கெடக்குதுன்னு குட்டியானைல ஏத்தி அனுப்பிட்டேன், அப்புறம் மாசம் 3000 ஜிபே, அப்படியே எட்டு மாசம்.

காசிமேட்டுல மீன் வாங்கப் போனப்பதான் மாட்டுச்சு. ஒரு அக்கா கூடைக்குப் பக்கத்துல சில்லறை எண்ணிட்டு இருந்த பையன் என்னப் பாத்து சிரிக்கிறான், யார்றான்னு பாத்தா ஹோம்ல எனக்கு கலர் பென்சில்ல தேங்க்யூ கார்டு வரைஞ்சு குடுத்தவன். "அண்ணா, இன்னிக்கு அங்க பிரியாணியா?"ன்றான். அவங்கம்மா சாதாரணமா சொல்றாங்க, "ஹோமாவது ஒண்ணாவது, எவனா சோறு போட வந்தா வேன்ல இட்னு போவாங்க, கைல நூறு ரூபா குடுப்பாங்க நைனா."

அந்த செவ்வாக்கிழமை சொல்லாம கொள்ளாம போய் நின்னேன். சுருட்டி வச்ச பாய், ஒரு கேரம் போர்டு, அவ்ளோதான். மிஷின் எங்கன்னா சர்வீசுக்கு போயிருக்காம். ஹோம் ரிஜிஸ்ட்ரேஷன் காட்டுங்கன்னா லேமினேட் பண்ண டிரஸ்ட் பத்திரத்த நீட்டுறாரு. இங்கதான் நெறைய பேர் ஏமாறுறோம். டிரஸ்ட் யார் வேணா பதிவு பண்ணலாம், பசங்கள தங்க வைக்கணும்னா 2015 சிறார் நீதிச் சட்டம் 41வது பிரிவுல தனியா பதிவு வேணும், அது இல்லாம நடத்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல குறைஞ்சது 1 லட்சம் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். நன்கொடைக்கு வருமான வரி விலக்கு வாங்கற 80ஜி ரசீதும் அப்படித்தான், பில் புக்ல எழுதி சீல் குத்தி குடுத்தா வாங்கிக்கிட்டு வந்துட்டேன் (நானே அக்கவுண்ட்ஸ் வேல பாக்கறவன், சொல்லவே வெக்கமா இருக்கு), இப்பெல்லாம் வருமான வரி சைட்ல இருந்து எடுத்த நன்கொடை சர்டிபிகேட் குடுக்கணும். 2000 ரூபாக்கு மேல கேஷா குடுத்தா அந்த விலக்கே கிடையாது.

குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணி சொன்னேன், பொறுமையா எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க. நாலு நாள் கழிச்சு அந்தப் பக்கம் போனா வீடு பூட்டி டு-லெட் போர்டு தொங்குது.

மிஷின் கெடச்சுது. மூலக்கொத்தளத்துல ஒரு பழைய சாமான் கடைல, தையல் தெரியற என் தங்கச்சிதான் கண்டுபிடிச்சா, பெடல்ல அம்மா சுத்தின செப்புக்கம்பி அப்படியே இருந்துச்சு, டிராயர்ல பாதி தேஞ்ச சாக்பீஸ் கூட. எங்க மிஷின எங்களுக்கே 2800 ரூபாக்கு வித்தான், அவன சொல்லி என்ன பண்றது, அவனும் காசு குடுத்துதான வாங்கியிருப்பான்.

நேத்து வேற ஒரு நம்பர்ல இருந்து வாட்ஸ்அப், பசங்க போட்டோவோட, மாதவரத்துல ஹோமாம், வேற பேரு, பொண்ணுங்களுக்கு கம்ப்யூட்டர் கத்துக்குடுக்க பழைய லேப்டாப் இருந்தா குடுங்கன்னு. பசங்க முகத்த இப்படி காட்டுறதே சட்டப்படி தப்பு, அது வேற கதை. அந்த போட்டோல ரெண்டாவது வரிசைல காசிமேட்டுப் பையன் உக்காந்துட்டு இருக்கான்.